துண்டுக்குள் விற்ற ரேடியோ

வேலந்தாவளத்தில் நான் இறங்கக் காரணம் மஞ்சள்காமாலை. அப்போது தக்காளி லாரி ஒன்றில் கிளீனராக இருந்தேன். கோயம்புத்தூர் தாண்டியதிலிருந்து வாந்தி. பாலக்காட்டு எல்லைச் செக்போஸ்டில் காகிதம் காட்ட வண்டி நின்றபோது டிரைவர் என்னை இறக்கிவிட்டு, துணிப்பையையும் எடுத்துக் கொடுத்து, "தேறினதும் வந்து சேரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. தக்காளி காத்திருக்காது. எனக்கும் அந்த வண்டி சலித்துப்போயிருந்தது.

நான் சாந்தன்பாறையில் ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. பிறகு போடியில் மூட்டை தூக்கினேன், உடுமலைப்பேட்டையில் ஓட்டலில் மாவாட்டினேன், லாரி ஏறினேன். எங்கேயும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. எழுபதுகளின் நடுவில் அந்தச் செக்போஸ்ட் ஓரம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

எதிரே ஒரு ரேடியோக் கடை இருந்தது. கடையை நடத்திய அம்மாள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, கண்ணு ரெண்டும் மஞ்சக்கெழங்காட்டக் கெடக்குது. இந்த வெயில்ல உக்காந்தா செத்துப்போயிருவீங்க. உள்ள வாங்க."

காலிப் பெட்டிகள் அடுக்கும் பின்னறையில் எனக்கு ஒரு பாய் கிடைத்தது. எழுந்து நடமாடும்வரை மோரும் கஞ்சியும் அவர் வீட்டிலிருந்து வந்தன. தேறியதும் புறப்படுவேன் என்றுதான் அவரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன். ஆனால் ரேடியோ வாங்கியவர் வீட்டுக்குப் போய், கூரைக்கு மேல் ஏரியல் கம்பி கட்டி, எந்தக் குமிழைத் திருகினால் எது வரும் என்று காட்டிக் கொடுக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தினமும் ஒரு புது ஊருக்கு நடக்கும் வேலை. அதனால் தங்கிவிட்டேன். அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

அக்கா நிலபுலம் உள்ள வேளாண்மைக் குடும்பத்துப் பெண். கணவர் பாம்பு கடித்து இறந்தபோது, தென்னந்தோப்பில் ஒரு பங்கும் சாப்பாடும் தருகிறோம் என்று மாமனார் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். தோப்பு வேண்டாம், கணவர் தொடங்கிய கடையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். "பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கச்சவடமும் யாவாரமும்?" என்று ஊரில் பேசாதவர் இல்லை. கடையில் இருந்த ஒரே சொத்து ஒரு சென்னை ரேடியோக் கம்பெனியின் ஏஜென்சி. சுற்று வட்டாரத்தில் அந்தக் கம்பெனியின் ரேடியோவை விற்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். ஏஜென்சி போனால் மிஞ்சுவது நான்கு சுவரும் ஒரு கண்ணாடி அலமாரியும்.

அந்தக் காலத்தில் அந்தக் கம்பெனி ரேடியோவுக்கு இருந்த மரியாதையை இன்றைக்கு யாருக்கும் புரியவைக்க முடியாது. பளபளக்கும் மரப்பெட்டி. முன்பக்கம் துணி மறைப்பு. மூலையில் பித்தளையில் கம்பெனிப் பேர். கல்யாணச் சீரில் அது வந்தால் பெண் வீட்டார் பேச்சே மாறும். கம்பெனியும் அந்த மரியாதையைக் காபந்து பண்ணியது. கண்ணாடி அலமாரிக்குள் வைத்துத்தான் விற்க வேண்டும். தெருவில் வைக்கக் கூடாது. ஒரே விலை, ஒரு பைசா குறைக்கக் கூடாது. குறைத்தது தெரிந்தால் ஏஜென்சி ரத்து.

சென்னையில் உட்கார்ந்து இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு வேலந்தாவளம் மாட்டுச் சந்தை தெரியாது.

வாரம் ஒருநாள் கூடும் சந்தை அது. ரேடியோ வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இருப்பது மாடு விற்றவரிடம்தான். அங்கே மாட்டின் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. விற்பவரும் வாங்குபவரும், அல்லது அவர்களுக்காகத் தரகரும், கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரல், முழு விரலா அரை விரலா, உள்ளங்கையில் கீறலா என்பதில் விலை இருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. பேரம் முடிந்ததும் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். என்ன விலைக்கு முடிந்தது என்று பக்கத்தில் நின்றவரும் கேட்க மாட்டார். கேட்டாலும் சொல்வது வழக்கமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜோடிக் காளை விற்ற விவசாயியை மாட்டுத் தரகர் ஒருவர் கடைக்கு அழைத்து வந்தார். இந்தத் தரகர் பெருத்த உடம்பும் வெற்றிலை வாயுமாக இருப்பார். அக்காவின் கணவருக்குத் தெரிந்தவர். விவசாயி ரேடியோவைத் தடவிப் பார்த்தார். பாட்டுக் கேட்டார். விலை கேட்டார். அக்கா சொன்னார். கடை வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

விவசாயி எழுந்துவிட்டார். "ஏனுங்க அம்மிணி, நாலு பேரு முன்னால இப்படி வெலையச் சொல்லிப்போட்டீங்களே. இனி என்ர மச்சான் கைமாத்துக் கேக்க நாளைக்கே வந்து நிப்பானுங்க."

அவர் போனபிறகு தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "வெலை ஒசக்கன்னா அவர் போறாரு? நீங்க கத்துனதுக்குப் போறாரு. துண்டப் போடோணும் அம்மிணி."

"கொறைக்கக் கூடாதுன்னு கம்பெனிச் சட்டம் இருக்குதுங்களே அண்ணா."

"கொறைக்கச் சொன்னனா? துண்டப் போடச் சொன்னேன்."

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். கணவரை இழந்த ஒரு பெண் சந்தைக்கு வந்த ஆண்களின் கையைத் துண்டுக்குள் பிடிப்பது அந்த ஊரில் நடக்காது. என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் கை நான்தான்.

விரல் பாஷையைத் தரகர் ஒரே மத்தியானத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். நான் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்: கம்பெனி விலையைப் பிடிப்பது. எதிராளி குறைத்துப் பிடித்தால் மறுபடி அதே விலையைப் பிடிப்பது. மூன்றாம் முறையும் நான்காம் முறையும் அதையே பிடிப்பது. காய்ப்பேறிய விரல்கள் என் விரலை முறுக்கும், தட்டும், கிள்ளும். நான் அசையாமல் இருந்தேன். கடைசியில் எதிர்க் கை ஒரு பெருமூச்சு விட்டதுபோல் தளரும். அதுதான் சம்மதம். துண்டு உதறியதும் அக்கா ரசீதையும் பேட்டரிக் கட்டைகளையும் கொடுப்பார். ரசீதில் இருக்கும் விலையும் விரலில் முடிந்த விலையும் ஒன்றுதான். ஒருவரும் ஏமாற்றப்படவில்லை.

நான் அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். வெளியே சத்தமாகச் சொல்லும் விலையை அவர்கள் நம்பவில்லை. அதற்குப் பின்னால் இன்னொரு விலை ஒளிந்திருக்கும் என்று நினைத்தார்கள். துண்டுக்குள் நெருக்கிப் பார்த்தும் இறங்காத கையை நம்பினார்கள். தனக்கு இறங்காதது அடுத்தவனுக்கும் இறங்கியிருக்காது என்ற நிம்மதியோடு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சந்தை நாளில் அலமாரி காலியாகத் தொடங்கியது. அப்போதுதான் மலிவுக் கடை வந்தது.

கோயம்புத்தூர் முதலாளி ஒருவர் அதைப் பாலக்காட்டுச் சித்தூரில் ஒன்று, கொழிஞ்சாம்பாறையில் ஒன்று, எங்கள் ரோட்டில் ஒன்று என்று வரிசையாகத் திறந்தார். குடை, டார்ச், எவர்சில்வர் பாத்திரம், ஸ்டவ், எல்லாம் கிடைக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு விலை எழுதி, அதை அடித்து, கீழே சிவப்பு மையில் வேறொரு விலை எழுதியிருக்கும். வாசலில் ஒருவன் குழாயில் கத்திக்கொண்டிருப்பான். ஊர் பேர் தெரியாத ரேடியோக்களும் அங்கே உண்டு. நம் கம்பெனி செட்டும் வேண்டும் என்று அந்த முதலாளி சென்னைக்கு எழுதிக் கேட்டிருக்கிறார் என்று பேச்சு வந்தது. மூன்று கடைக்கும் சேர்த்து மொத்தமாக எடுத்து, விலையைக் குறைத்து விற்பாராம்.

உண்மையைச் சொன்னால் என் மனம் இரண்டு பக்கமும் ஓடியது. அக்கா போட்ட சோற்றில் உயிர் பிழைத்தவன். ஆனால் எங்கள் லயத்தில் யாரும் அந்தப் பித்தளைப் பேரைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஒருநாள் அதை அவரிடமே சொன்னேன்.

"அவுக குறைச்சுக் குடுத்தா எங்க ஊர்ச் சனமும் வாங்குமேக்கா. இப்ப வெலையக் கேட்டாலே ஓடிப்போயிருவாக."

அவருக்குக் கோபம் வரவில்லை. துடைத்துக்கொண்டிருந்த செட்டைக் கீழே வைத்தார். "நெசந்தானுங்க தம்பி. ஆனா போன மாசம் முழு வெலை குடுத்தவரு நாளைக்கு அங்க சிவப்பு மையப் பாத்துப்போட்டு எங்கிட்ட வந்து, என்னை ஏமாத்திப்போட்டயேம்மான்னு கேப்பாருல்ல? அவருக்கு நான் என்ன சொல்றது?"

இரண்டு பேரும் வேலையைப் பார்த்தோம்.

மலிவுக் கடை முதலாளி புத்திசாலி. கம்பெனி தயங்கியதும் ஒரு புகார் அனுப்பினார். உங்கள் ஏஜென்சி அம்மாள் துண்டை மூடிக்கொண்டு திருட்டுத்தனமாக விலை குறைத்து விற்கிறார். நான் குறைத்தால் வெளிப்படையாகக் குறைப்பேன். அந்த ஏஜென்சியை எனக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். இதை விசாரிக்கக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி சந்தை நாளில் வந்து இறங்கினார். சென்னைக்காரர். முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. சாணி மிதிக்காமல் நடக்கப் பார்த்துத் தோற்றுப்போன பூட்ஸ்.

"ஏம்மா, ரூல் தெரியுமில்ல உங்களுக்கு? என்ன விலைக்கு விக்கறீங்க?"

"உங்க வெலைக்குத்தானுங்க."

"அப்ப துண்டு எதுக்கு?"

"துண்டு இல்லாட்டி வாங்க மாட்டாங்களுங்க."

"குறைக்கவே இல்லைன்னா மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

அக்கா ரசீதுகளைக் காட்டினார். ரசீதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று அதிகாரி ஒதுக்கிவிட்டார். வாங்கியவர்களையே கேட்டுவிடலாம் என்று வெளியே போனார். அக்காவின் முகம் அப்போதுதான் வெளுத்தது. நான் அதிகாரியின் பின்னால் போனேன்.

போன வாரம் செட் வாங்கிய ஒருவர் டீக்கடையில் இருந்தார். அவர் கையைப் பிடித்து முழு விலைக்கு முடித்தவன் நான். அதிகாரி கேட்டார். அவர் சிரித்தார்.

"துண்டுக்குள்ள முடிஞ்சதச் சொல்ற பழக்கமில்லீங்க."

"குறைச்சுதானே குடுத்தாங்க?"

டீக்கடையே அவரைப் பார்த்தது. பேரம் பேசிக் குறைக்கத் தெரியாதவன் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "எனக்குக் கெடச்ச வெலை இந்தச் சந்தையில ஒருத்தனுக்கும் கெடச்சிருக்காதுங்க. அத்தோட உட்டுருங்க."

அடுத்தவர் அதற்கும் மேலே போனார். அம்மிணியைக் கெஞ்ச வைத்துவிட்டேன் என்றார். அக்காமேல் யாருக்கும் பகை இல்லை. எல்லோரும் அவரை மதிப்பவர்கள். தங்கள் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் அவர் பிழைப்பு போய்க்கொண்டிருந்தது. முழு விலை என்று நான் கத்தலாம். அக்காவின் ஆள் சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்?

அதிகாரி கடைக்குத் திரும்பி, "ஸாரிம்மா" என்று ஆரம்பித்தார். அதற்குள் அந்தத் தரகர் ஓர் ஆளை அழைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். எருமை விற்றுவிட்டு வந்தவர். ஒல்லியான, வாயாடி மனிதர். விஷயத்தை வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட தரகர் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்:

"இந்தத் தம்பி கைக்குப் பதிலா உங்க கைய உள்ள உடுங்க. கம்பெனி வெலை உங்களுக்குத் தெரியுமல்லொ?"

"எனக்கு இதெல்லாம் தெரியாதுய்யா."

"நான் சொல்லித் தாரனுங்க. எருமை புடிக்கறதவிடச் சுலபம்."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். தரகர் விரல் கணக்கைக் காதோடு சொல்லித் துண்டைப் போட்டார்.

எருமைக்காரர் பிடித்ததும் அதிகாரி, "நோ நோ, அவ்வளவு கம்மியா..." என்று வாய்விட்டார். தரகர், "வாயி! வாயி!" என்று அதட்டினார். கூட்டம் சிரித்தது. அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் நெற்றி வியர்த்தது. எருமைக்காரர் கூரையைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், ஒருமுறை எழுந்திருப்பதுபோல் பாவனை காட்டினார். அதிகாரி விடவில்லை, தன் கம்பெனி விலை அல்லவா. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. எதிர்க் கை தளர்ந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அந்தத் தளர்ச்சியை நான் பலமுறை தொட்டிருக்கிறேன்.

துண்டு உதறப்பட்டது. எருமைக்காரர் முழு விலையையும் எண்ணிவைத்துவிட்டுச் செட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே அவர் கூட்டாளிகள் நின்றிருந்தார்கள்.

"என்னப்பா, உட்டுக்குடுத்தாங்களா?"

"உட்டுக்குடுக்காம? பட்டணத்துக் கம்பெனிக்காரனே வந்து உக்காந்தான். அவங்கிட்டயே அடிச்சுக் கொறச்சுப்போட்டு வாரன். கண்ணுல தண்ணி வந்திருச்சு அவனுக்கு."

அதிகாரி அப்படியே நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வரும்வரை சிரித்தார். தரகர் அவருக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்.

"ஏஜென்சி உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார் அதிகாரி. பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்த மூணு கடைக்கும் நாங்க சரக்கு குடுத்தா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார்.

"நெறைய விக்குமுங்க. ஒரு வருசம். சத்தம் போட்டுக் கொறச்ச வெலையத் திரும்ப ஏத்த முடியாதுங்க. பொறவு உங்க பேரு அந்த டார்ச்சு, கொடையோட கெடக்கும்."

அவர் தலையாட்டினார். மலிவுக் கடைக்குக் கடைசிவரை அந்தச் செட் வரவில்லை. அந்த அதிகாரியை நான் அதன் பிறகு பார்த்ததில்லை. ஆனால் நன்றியோடு நினைப்பவர்களில் அவரும் ஒருவர். புகாரை நம்பி வந்தவர், ஒரு ஏழைச் சந்தையில் தன் கையை உள்ளே விடச் சம்மதித்தார். விடாமலே போயிருக்கலாம், அவரைக் கேட்பார் யாரும் இல்லை.

ஏஜென்சி நிலைத்ததும் அக்கா ஒரு காரியம் செய்தார். புதுச் செட் வாங்க வருபவர்களிடம் அதே கம்பெனியின் பழைய செட்டை எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். பழுதைச் சரிபார்த்த பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மூலையில் இருந்த பித்தளைப் பேரை அவரே கழற்றுவார். பேர் ஒரு டப்பாவுக்குள் போகும்.

"பேருக்குத்தானுங்க கம்பெனிச் சட்டம். பேரில்லாத பொட்டிய நான் என்ன வெலைக்கும் விப்பேன்" என்றார். "உங்க ஊருக்குக் கொண்டு போங்க தம்பி. உங்களுக்கும் ஒரே எடத்துல உக்காந்து கால் அரிக்குது. தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

எனக்கு ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பதைக் குற்றமாகச் சொல்லாமல், அதற்கு ஏற்ற ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். சாக்கில் சுற்றிய இரண்டு பெட்டிகளோடு போடி வழியாகப் பஸ் ஏறினேன். போடிமெட்டில் இறங்கிப் பஸ்ஸைத் தள்ளவேண்டியிருந்தது. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்ட ஒரு பாதிரியார் பூப்பாறை வரை அவற்றைத் திருப்பித் தரவே இல்லை. வழியெல்லாம் குலுங்காமல் பிடித்திருந்தார்.

சாந்தன்பாறையில் எங்கள் பழைய லயத்திலேயே ஒரு பெட்டியை ஏலக்காய் பறிக்கும் ஒரு பெண் வாங்கினாள். அவள் வீட்டில் அதை வைத்து, கம்பி இழுத்துக் கட்டினேன். அவள் பெட்டியை நான்கு பக்கமும் தடவிப் பார்த்தாள். மூலையில் இரண்டு சின்னத் துளைகளில் விரல் நின்றது.

"இதென்னண்ணே ஓட்டை? பேரு எங்கே?"

"பேரு பாலக்காட்டுலயே இருக்கட்டும்னு எடுத்து வச்சிக்கிட்டாக."

"வச்சிக்கிடட்டும். பேரா பாடப்போவுது? நீங்க திருகுங்க."

திருகினேன். மழை இரைச்சலோடு சிலோன் பாட்டு வந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். அடுத்த பெட்டிகளோடு நான் மறுபடி அங்கே போனபோது, அந்த இரண்டு துளைகளின் மேல் அவள் ஒரு மாதா படத்தை ஒட்டியிருந்தாள்.